மாற்றுவழிக்கு எது தலைமை

விதி தெளிவானது: நேர்வழி அறுந்தால் மாற்றுவழியை ஒரே ஒரு நிலையம்தான் திறக்க வேண்டும், அது தலைமை நிலையமாக இருக்க வேண்டும். எது தலைமை நிலையம் என்பதை மட்டும் விதி சொல்லவில்லை.

எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் ஒரு தொலைபேசி நிலையத்தில் நான் மேற்பார்வையாளர். எங்கள் போர்டிலிருந்து ஒரு கம்பி ஆற்றங்கரை ஊருக்கும் இன்னொன்று மலையடி ஊருக்கும் போயின. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே மூன்றாவது கம்பி. ஓர் ஊருக்கு எங்கள் கம்பி அறுந்தால், மற்ற ஊரின் ஆபரேட்டர் தன் போர்டில் இணைப்புக் கயிறு செருகி இரண்டு கம்பிகளைச் சேர்த்துவிடுவார். பேச்சு சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். கயிறு செருகியபின் அவர் போர்டில் மணி அடிக்காது. இருவருமே செருகிவிட்டால் மூன்று கம்பிகளும் வளையம். நடுவில் கேட்க ஆளில்லை. ஒரு நிலையம் முதலில் திறக்கப்பட்டது, மற்றதன் ஆபரேட்டர் பணியில் மூத்தவர். இருவரும் தாமே தலைமை என்றார்கள். கோட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். நினைவூட்டினேன். நினைவூட்டியதை நினைவூட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், புளி வியாபாரி ஒருவர் நனைந்தபடி உள்ளே வந்தார்.

"சார், ஆத்தங்கரை மண்டிக்கு ஒரு லைன் போடுங்க. மேல ஏரி ஒடஞ்சிடுச்சுன்னு கடத்தூர் பஸ் கண்டக்டர் சொல்றாருங்க. எந்தம்பி லோடு ஏத்திகிட்டு தரைப்பாலத்துல வருவான். கெளம்பாதேன்னு ஒரு வார்த்தை, போதும்."

"உக்காருங்க பாய், உடனே போடறேன்."

கைப்பிடியைச் சுழற்றினேன். ஆற்றங்கரை ஊர் எடுக்கவில்லை. என் போர்டிலேயே, அழைப்பு வந்தால் விழும் தகடுகளில் மலையடி ஊரின் தகடு விழுந்தது. அதையும் செருகி, "ஹலோ, யாருங்க?" என்றேன். காதில், கொஞ்சம் தேய்ந்து, "ஹலோ, யாருங்க?" என்றது. என் குரல்தான்.

காலையிலிருந்து இரண்டு கம்பிகளும் மாறி மாறி அறுந்து, மாறி மாறி உயிர் பெற்றிருந்தன. இரண்டு தலைமை நிலையங்களும் கடமை தவறாமல் கயிறு செருகியிருந்தன. கயிற்றை எடுப்பது மற்றவர் வேலை என்று விட்டிருந்தன. எந்தப் பக்கம் சுழற்றினாலும் மணி அவர்களைக் கடந்து என்னிடமே வந்தது. கயிற்றை எடுங்கள் என்று சொல்லவும் அதே கம்பிதான் வேண்டும். ஆற்றங்கரையில் போலீஸ் ஒயர்லெஸ்ஸும் கிடையாது.

"என்னா சார், எடுத்தாங்களா?"

"லைன் சுத்துதுங்க பாய்."

"கவர்மெண்டு லைனு, சுத்தாம போவுமா? எப்ப சார் போய்ச் சேரும்?"

"சேராதுங்க."

அவர் டாக்சி பிடித்துப் பாலத்துக்கே ஓடினார். நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் என் தகடே விழுந்தது. சாயங்காலம் ஒருவழியாக ஆற்றங்கரை ஆபரேட்டர் லைனில் வந்தார்.

"என்னங்க சார், இன்னிக்கு உங்க பக்கமிருந்து ஒரு காலும் காணோம்? தூக்கமா?"

மண்டி லாரியைக் கேட்டேன்.

"அது அப்பவே கெளம்பிடுச்சுங்களே."

பாய் இந்தக் கரையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டியிருக்கிறார். பாலத்தின் மேல் அப்போது கணுக்கால் தண்ணீர்தான். தம்பி பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டு வண்டியை இறக்கினான் என்று டாக்சிக்காரர் பிறகு சொன்னார்.

ஆற்றங்கரை நிலையமே தலைமை என்று கோட்ட அலுவலகம் பதில் அனுப்பியது. அது என் மேசைக்கு வந்த நாள், அந்தத் தம்பியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா.