வெள்ளிக்கிழமை வராத வார்த்தை

மனசுக்குள் கேட்கிற குரல் ஆண்டவருடையதா, நம்முடைய ஆசையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளாங்குடி ஜெபவீட்டில் அந்த வெள்ளிக்கிழமை இதற்கு யாரிடமும் பதில் இல்லை. தமிழ்ச்செல்வியிடமும் இல்லை. ஆனால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ச்செல்வி திருவாதவூர்க்காரி, விவசாயக் குடும்பம். கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாளே இறந்துபோன வருஷம், பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு ஜெபவீட்டுக்குப் போனாள். பிறகு விடவில்லை. காளவாசலில் ஒரு தையல் கம்பெனியில் நைட்டி தைக்கிறாள். தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, மடித்துப் போட்ட சாக்கின்மேல் முழங்காலிட்டு ஜெபம். வெள்ளிக்கிழமை தண்ணீர் மட்டும். அரைநாள் லீவு சொல்லிவிட்டு உபவாசக் கூட்டம். பதினோரு வருஷமாக இது தவறியதில்லை. லோடு ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் சிவக்குமார் அந்தப் பக்கம் வருவதில்லை, தடுப்பதும் இல்லை.

போன வருஷம், அதே ஜெபவீட்டுக்கு வரும் ராமக்காளின் மகன் முகேஷ் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்கு ஓடிப்போனான். கூட்டத்தில் ராமக்காள் அழுதபோது, இந்த வாரமே வந்துவிடுவான் என்றாள் தமிழ்ச்செல்வி. மறுநாள் பையன் வாசலில் நின்றான். ராமக்காள் அதைத் தெருத்தெருவாகச் சொன்னாள். தமிழ்ச்செல்விக்குத் தீர்க்கதரிசன வரம் இருக்கிறது என்று பேச்சாகிவிட்டது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சை நம்பித்தான் ராதாமணி வந்தாள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். சபைக்கு வந்து ஒன்றரை வருஷம். மார்பில் கட்டி. டாக்டர் திங்கட்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, தள்ளிப்போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள் அல்லவா, அதில் அவளுக்குச் சுகம் தருவதாக ஒரு வசனம் வந்திருந்தது. அதை லேமினேட் செய்து போன் உறைக்குள் வைத்திருந்தாள். ஆண்டவரே வாக்கு கொடுத்திருக்கும்போது கத்திக்குப் போவது அவிசுவாசம் ஆகாதா? தமிழ்ச்செல்வி அக்கா ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லட்டும், அப்படியே செய்கிறேன் என்றுவிட்டாள்.

தமிழ்ச்செல்வி புதன்கிழமையே உபவாசம் தொடங்கினாள். அன்று சாயங்காலம் ராதாமணியின் புருஷன் ஹரிராம் போன் செய்தார். அவருக்குச் சபையில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கெஞ்சினார்.

"அக்கா, நீங்க சொன்னா அவ கேப்பா. ஆண்டவர் ஆபரேஷனுக்குப் போகச் சொல்றார்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

தமிழ்ச்செல்வி போனை வைத்துவிட்டாள். நல்ல காரியத்துக்குத்தானே? சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும். சொல்லாவிட்டால்? ஆண்டவரே, நீரே பேசிவிடும் என்று இரண்டு நாளும் சாக்கின்மேல் கிடந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சிவக்குமார் காபியை நீட்டி, "மூணு நாளு சோறு திங்கலைன்னா எனக்குந்தேன் காதுல என்னமாச்சும் கேக்கும்" என்றான். அவளுக்கு அதுகூடக் கேட்கவில்லை. வியாழக்கிழமை தையல் ஊசி விரலில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி. தகரக் கூரைக்குக் கீழே அனல். பாஸ்டர் அழகுபாண்டி மைக்கில், தமிழ்ச்செல்வி சிஸ்டர் மூன்று நாளாக உபவாசம், இன்றைக்கு வார்த்தை வரும் என்று அறிவித்துவிட்டார். முன்வரிசையில் ராதாமணி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி எழுந்தாள். 'போகச் சொல்கிறார்' என்ற இரண்டு சொல் நாக்கு நுனியில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"முகேஷ் வருவான்னு சொன்னதும் வரமில்ல. அன்னைக்குக் காலையில காளவாசல் பஸ் ஸ்டாப்புல பையோட நின்னான். அம்மாகிட்ட சொல்லாதீங்க, நாளைக்கு நானே போறேன்னான். அதை மறைச்சுட்டேன். நீங்க வரம்னு சொன்னப்ப வாயை மூடிக்கிட்டேன். அது தப்பு." பிறகு ராதாமணியைப் பார்த்தாள். "டாக்டர் பேச்சைக் கேளு ராதா. இது என் யோசனை, ஆண்டவர் வார்த்தை இல்ல. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

"அடியாத்தி, இம்புட்டு நாளா எங்களைக் கூமுட்டையாக்கிட்டியேடி" என்றாள் ராமக்காள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். ராதாமணி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராதாமணி போனை எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. தமிழ்ச்செல்வி பக்கத்தில் உட்கார ஆளில்லை. ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமோ என்று நூறு முறை நினைத்தாள்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். ஏழாயிற்று. ஏழரை ஆயிற்று. எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹரிராம் பையோடு இறங்கினார். பின்னால் ராதாமணி.

"புதன்கிழமை இவர் உங்ககிட்ட போன்ல பேசினதை நான் உள்ரூம்ல இருந்து கேட்டேன்க்கா" என்றாள் ராதாமணி. "நீங்க மட்டும் ஆண்டவர் போகச் சொல்றார்னு சொல்லியிருந்தா, இது இவர் சொல்லிக் கொடுத்ததுன்னு வந்திருக்கவே மாட்டேன். ஊரே பாக்குறப்ப ஒண்ணும் கேக்கலைன்னீங்க. அப்புறம் டாக்டர் பேச்சைக் கேளுன்னீங்க. அதை நம்பினேன்."

தமிழ்ச்செல்வி பையை வாங்கிக்கொண்டாள். ஆபரேஷன் அன்றே முடிந்தது. கட்டி நாள்பட்டது, வைத்தியம் இன்னும் நடக்கிறது. மருந்து ஏற்றும் நாட்களில் தமிழ்ச்செல்விதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை உபவாசமும் நிற்கவில்லை. ராமக்காள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது, டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தால், இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வார்த்தை சொல்கிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.