இடப்பக்கம் குழாய் வைத்த எஞ்சின்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். அந்த மூன்று வருஷத்தில் ஏழு கிலோ இறங்கினேன். சர்க்கரை வியாதியோ என்று பயந்து என் மனைவி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. என் வியாதி மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் இருந்தது. பித்தளையும் செம்புமாக, முக்கால் முழ நீளத்தில், ஞாயிற்றுக்கு ஞாயிறு வளர்ந்துகொண்டிருந்தது.

நான் பல் செட் செய்கிறவன். பாளையங்கோட்டைப் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் கட்டிக்கொடுப்பது தொழில். மெழுகில் உருவம் செய்து, அதை மாவுக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிரில்தான் பொம்மை ரயில் செய்ய ஆரம்பித்தேன். பொம்மை என்று வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

அந்த மாடி அறைக்காரர் ஏசி மெக்கானிக். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். என் பட்டறை ஏசி தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தேன். வந்தவர் மேசைமேல் நான் வார்த்து வைத்திருந்த சின்ன ரயில் சக்கரத்தைக் கையில் எடுத்தார், ஏசியை மறந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரைப் பாய் என்பேன். பதினோரு வருஷப் பழக்கம் இப்படித்தான் ஒழுகலில் தொடங்கியது.

செய்ய நினைத்தது நம் பக்கத்து எஞ்சின்தான். திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரைக்கும் ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைக்காரர்கள் போட்ட குட்டி ரயில் ஓடியது. இரண்டே அடி அகலத் தண்டவாளம். சுதந்திரத்துக்கு முன்பே பெயர்த்துவிட்டார்கள். இன்று அந்தத் தேரிக்காட்டு மணலில் நின்று, இங்கே ரயில் ஓடியது என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். திருச்செந்தூரிலிருந்து பல் கட்ட வந்த ஒரு பெரியவர் வீட்டுச் சுவரில் அது தொங்கியது. எஞ்சின், அதன் பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு டிரைவர், பின்னால் வாசற்படியோடு ஒரு கட்டடம், அதன் அருகே ஒரு கிணறு. எஞ்சின்மேல் இருந்த எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. கெஞ்சிக் கூத்தாடிப் பிரதி எடுத்தேன். பாய்க்கும் ஒன்று என் கையாலேயே கொடுத்தேன். இதைச் சொல்லிக்காட்டுவது அசிங்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: படம் என்னுடையது.

முதலில் இருவருமாக ஒரே எஞ்சின்தான் செய்தோம். பத்தில் ஒரு பங்கு அளவு. படம் கொஞ்சம் சாய்வாக எடுத்தது. முன் சக்கரங்களின் இடைவெளி தெரிந்தது. அது இரண்டடி என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்குப் போட்டோம். எனக்கு வார்ப்பு, அவருக்குக் குழாயும் பற்றவைப்பும். ஏழெட்டு மாதம் சந்தோஷமாகத்தான் போனது.

கெட்டது டோமில். கொதிகலனின் முதுகில் செம்பைக் கவிழ்த்தாற்போல ஒரு மேடு இருக்கும், அதுதான் டோம். மூன்று தடவை வார்த்து, மூன்றாவதில் எனக்குத் திருப்தி. ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை, அதையும் தேய்த்து மறைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு பாய் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

"சும்மா கை அரிச்சிது அண்ணாச்சி. பழைய செம்புக் குழாய்த் துண்டு ஒண்ணு கெடந்துச்சி, தட்டிப் பாத்தேன்."

தட்டிப் பார்த்தாராம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தட்டுத் தடம் இல்லை. அந்த நேரம் பார்த்துக் காப்பி கொண்டுவந்த என் மனைவி, எது யார் செய்தது என்று தெரியாமலே, "இதுதான் நல்லாருக்கு" என்று அவருடையதைத் தொட்டாள். பிறகு பாயிடம், "எப்படிண்ணே இவ்வளவு வழுவழுன்னு செஞ்சிய?" என்று வேறு கேட்டாள். என்னோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள் ஒரு தடவையாவது என் பல் செட்டைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

"இப்படியே போனா சரிப்படாது வே. நீரு தனியா ஒண்ணு செய்யும், நான் தனியா ஒண்ணு செய்யுதேன். ஊருக்கு ரெண்டு எஞ்சின் இருக்கட்டுமே" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். என் எஞ்சினை அவருக்குக் காட்டவில்லை. முடிந்ததும் பாரும் என்று சொல்லித் துணியைப் போட்டு மூடிவிட்டேன். அவரிடம் ஒளிவு மறைவு கிடையாது. மாடியில் கைலியோடு உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, அந்த வாரம் செய்ததையெல்லாம் எடுத்துக் கையில் கொடுப்பார். நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குறை தேடுவேன். கிடைக்காது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அவர் கை கெட்டுப்போக வேண்டும் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டால் பாவம் குறையும் என்று நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

இதற்கிடையில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறைக்காரர்கள் மாவட்டத்துப் பழைய ரயில்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி, எங்கள் இருவரையும் கேட்டார்கள். கண்காட்சி முடிந்த பிறகும் துறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிரந்தரமாக இருக்கும். அதில் ஒரு எஞ்சினுக்குத்தான் இடம். எது சரியாக இருக்கிறதோ அது நிற்கும், கீழே செய்தவர் பெயரோடு. கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்தப் பெட்டி எனக்கு வேண்டும்.

கண்காட்சிக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் அதைக் கண்டுபிடித்தேன். பல்லில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியால் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு முகம் கலங்கலாக இருந்தது, சட்டை இல்லை, ஆனால் வேட்டி தெளிவாகத் தெரிந்தது. வேட்டியின் வெளிமுனை அவருடைய இடது இடுப்பில் செருகியிருந்தது. நான் கட்டுவது வலது இடுப்பில். என் அப்பா, சித்தப்பா, தெருவில் போகிற அத்தனை பேரும் செருகுவது வலது இடுப்பில். அப்படியென்றால் படம் இடவலமாகப் புரண்டிருக்கிறது! அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவ் தகட்டை யாரோ திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். எஞ்சினின் வலப்பக்கம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் இடப்பக்கம். அதில் தெரிகிற தண்ணீர்க் குழாய், நீளக் கம்பி, மணல் பெட்டி எல்லாம் இடப்பக்கம் வரவேண்டியவை. பாய் அத்தனையும் வலப்பக்கம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

போனைக் கையில் எடுத்தேன், அவருக்குச் சொல்லத்தான். எடுத்த போனை மறுபடி மேசைமேல் வைத்தேன். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து என் எஞ்சினில் வலப்பக்கம் வைத்திருந்ததையெல்லாம் கழற்றி இடப்பக்கம் மாற்ற ஆரம்பித்தேன். ஞாயிறானால் பாய் வீட்டு மாடிக்குப் போய், அவர் வலப்பக்கக் குழாயை வளைக்கிற அழகைப் பார்ப்பேன். செம்புக் குழாயைச் சூடாக்கி, தண்ணீரில் முக்கி, மயிரிழை பிசகாமல் வளைப்பார். "எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்பார். "பிரமாதம் வே" என்பேன். மனசாரச் சொல்வேன். தப்பான பக்கத்தில் இருக்கும் குழாயைப் புகழ எனக்கென்ன வலி?

ஒரு வாரம் அவர், "குலசேகரன்பட்டினம் வரைக்கும் பைக்குல போயிட்டு வருவமா? படத்துல இருக்க கட்டடமும் கெணறும் இன்னும் இருக்குதான்னு பாப்போம்" என்று கேட்டார். நேரில் போனால் புரண்டது தெரிந்துவிடுமே! அவசரமாகப் பல் செட் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். அவர் தனியாகப் போனார். அந்த ஞாயிறு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மறுவாரம் போனபோது மனிதர் குஷியாக இருந்தார். "அங்கன அந்தக் கெணறு அப்படியே..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் கண்காட்சியில பேசிக்கிடுவோம் வே" என்று நான் பேச்சை மாற்றினேன். வலப்பக்கக் குழாய் வலப்பக்கமே இருந்தது. நேரில் போயும் ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

கண்காட்சி நாளும் வந்தது. இரண்டு எஞ்சின்களையும் ஒரே மேசையில் வைத்து, நடுவில் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். துறைத் தலைவி அம்மா இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து, நான் ஆறு மாதம் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஒரே படத்தைப் பார்த்துத்தானே ரெண்டு பேரும் செஞ்சிருக்கீங்க? அவருக்குக் குழாய் வலப்பக்கம், உங்களுக்கு இடப்பக்கம். ஏன்?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பேராசிரியர்கள், மாணவிகள், எங்கள் இரண்டு வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். படம் புரண்ட கதையை விலாவாரியாகச் சொன்னேன். டிரைவரின் வேட்டியைக் குச்சியால் தொட்டுக் காட்டினேன். போதாததற்கு நான் கட்டியிருந்த வேட்டியையும் காட்டி, "மனுஷன் வேட்டியை எந்தப் பக்கம் செருகுவான்? இப்படித்தானே?" என்று கேட்டேன். பாய்க்கு எதிரே நின்று, "பாவம், இவர் அதைக் கவனிக்கல" என்றும் சொன்னேன்.

அந்த அம்மா என் இடுப்பைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். பாயும் அன்று வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். சங்கடத்தோடு சட்டை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினார். வேட்டி முனை இடது இடுப்பில் செருகியிருந்தது.

"அந்த டிரைவர் எங்க ஆளு போல அண்ணாச்சி" என்றார்.

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். முஸ்லிம்கள் இடது பக்கம் செருகுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அப்படிக் கட்டியவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார், நான் அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எஞ்சின் ஓட்டியவன் என்னைப் போன்ற ஒருவனாகத்தான் இருப்பான் என்று கேட்காமலே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த அம்மா, "அப்போ படம் புரளலைன்னு எப்படி உறுதியாச் சொல்றது?" என்று கேட்டார். பாய் போனை எடுத்தார். குலசேகரன்பட்டினத்தில் எடுத்த படம். அதே வாசற்படிக் கட்டடம், அதற்கு வலப்புறம் அதே கிணறு. மாட்டியிருந்த பழைய படத்திலும் கிணறு வலப்புறம்தான். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டி அவருக்குப் போனது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, என் எஞ்சினைப் பெட்டியில் வைக்க அவர் உதவிக்கு வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். தூக்கும் முன்பு கேட்டார்.

"அண்ணாச்சி, படம் பொரண்டிருக்குன்னு நீங்க எப்ப நெனச்சிய?"

எனக்கு அவர் கேட்பது புரிந்தது. தோற்றதைப் பற்றிய கேள்வி இல்லை அது. அவர் தப்புச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே எத்தனை ஞாயிறு அவர் வீட்டு மாடியில் டீ குடித்தேன் என்று கேட்கிறார்.

"நேத்துத்தான் வே கவனிச்சேன்" என்றேன்.

அவர் குனிந்து என் எஞ்சினின் இடப்பக்கத்தைப் பார்த்தார். குழாய், கம்பி, மணல் பெட்டி, அவற்றைப் பிடித்துநிற்கும் நூற்றுச் சொச்சம் ஆணித்தலைகள். ஒவ்வொன்றையும் செய்ய எத்தனை நாள் பிடிக்கும் என்று இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"சரி அண்ணாச்சி" என்றார்.