பெட்ரோல் ஏறாத மோட்டார்

அணையைத் திறந்துவிட்டார்கள் என்று காலையிலேயே செய்தி வந்தது. தாபோடியில் எங்கள் குடியிருப்பு ஆற்றை ஒட்டியது. மதியத்துக்குள் தண்ணீர் தரைத்தள வீடுகளின் ஜன்னல் வரை ஏறிவிட்டது. கரண்ட்டை முன்னதாகவே நிறுத்தியிருந்தார்கள்.

முதல் மாடியில் இருந்த மராத்திக்காரப் பெரியவரை நாங்கள் அவர்கள் மொழியில் சித்தப்பா என்கிற மாதிரி காகா என்று கூப்பிடுவோம். அன்று அவருக்கு டயாலிசிஸ். கால்கள் வீங்கி, பேசினாலே மூச்சு வாங்கியது. அவர் மனைவி தீயணைப்புத் துறைக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தார். படகுகள் எல்லாம் வேறு பக்கம் போயிருக்கின்றன, காத்திருங்கள் என்றே பதில் வந்தது.

எங்களிடம் ஒரு படகு இருந்தது. அணைப்பக்கம் மீன் பிடிக்கப் போவதற்காக என் கணவர் வாங்கிய காற்றடிக்கும் ரப்பர் படகு, பின்னால் மாட்ட ஒரு சின்ன மோட்டார். மாடிப்படியிலேயே வைத்துக் காற்றடித்து, காகாவை நடுவில் உட்காரவைத்தோம். மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம்.

தெரு முனைவரை நன்றாக ஓடியது. அங்கே இழுப்பு அதிகம். சரியாக அந்த இடத்தில் மோட்டார் இருமி நின்றது. படகு ஆற்றுப் பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் எட்டி ஒரு வீட்டு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கணவர் கயிற்றை இழுத்துக் கிளப்பினார். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. பிளக் நனைந்திருக்கும், கழற்றிப் பார்க்கிறேன் என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளக் கோளாறு என்றால் கிளம்பவே கிளம்பாது. இது கிளம்பி, பெட்ரோலுக்கு ஏங்கி நிற்கிறது. கம்பியை அவரிடம் ஒப்படைத்துவிட்டு டேங்கைப் பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. மூடியில் காற்று உள்ளே போவதற்கான திருகும் திறந்தே இருந்தது. டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. கிளப்புவதற்கு முன் கையால் அமுக்கி பெட்ரோல் ஏற்றுவது அதில்தான். தொட்டால் தொளதொளவென்று இருந்தது. அமுக்கினேன், கெட்டியானது.

"இப்ப இழுங்க," என்றேன்.

கிளம்பியது. நான் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. சோதிப்பதற்காக ஒரு தடவை விட்டுப் பார்த்தேன், உடனே திணறியது.

"மோட்டாருக்குள்ள பெட்ரோலை இழுக்குற பம்புதான் போயிருக்கு. நீங்க ஓட்டுங்க, நான் அமுக்குறேன்."

அவர் கம்பியை விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார். வலது கை மரத்தபோது இடது கைக்கு மாற்றினேன், பிறகு மறுபடி வலது. காகா என் தோளில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பயமாக இருந்தது, ஆனால் குமிழைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. மேட்டு ரோட்டில் தரை தட்டியதும் அங்கிருந்தவர்கள் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கணவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார். மாலையில் போன் வந்தது: டயாலிசிஸ் முடிந்துவிட்டது, காகா டீ கேட்கிறார்.

தண்ணீர் வடிந்தபின் பம்பைப் பிரித்தோம். உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. புதிது வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. என் கை சரியாகத்தான் நாளானது. அதுவரை சப்பாத்தி மாவு பிசைந்தது கணவர்தான். தண்ணீரை எப்போதும் கூடுதலாக ஊற்றிவிடுவார்.