ட்ரிப்ஸ் கம்பத்தில் தே தாரே

போன வாரம் ஈப்போவில் ஒரு மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் தம்பி சேகரின் கட்டிலோரம் ட்ரிப்ஸ் கம்பம். அதில் இரண்டு பைகள். ஒன்றில் மருந்து. இன்னொன்றில்... நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ!

கொண்டுவந்தவர் மணி. சேகரோடு லோரி ஓட்டுபவர். பக்கத்துப் புந்தோங் வட்டாரக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கயிற்றோடு மாட்டியிருக்கிறார்.

“சீனி போடலக்கா, சொல்லித்தான் வாங்குனேன்” என்றார் பெருமையாக.

கையில் கயிறு கட்டிய பை இருந்தால் நம் கண் எதைத் தேடும்? கொக்கியைத்தானே! மோட்டார் சைக்கிளில்கூட அதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறோம். சுவரில் ‘கம்பத்தில் எதையும் தொங்கவிடாதீர்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது — அதற்கு நேர் கீழே பக்கத்துக் கட்டில்காரரின் கம்பத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது.

சேகர் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குக் கிளம்பினான். பை ஆடியது. வாசல்படியில் சக்கரம் தடுக்க, கம்பம் சாய்ந்து, கையிலிருந்த ஊசி பிய்ந்துவிட்டது. ரத்தம்!

சர்க்கரை வியாதியால் காலில் புண். மருந்து ஒழுங்காக ஏறாவிட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நான் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

வார்டு நர்ஸ் கலை மிஸ்ஸி ஓடிவந்து, மறு கையில் ஊசி ஏற்றினார். மணி தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அவரைத் திட்ட நான் வாயைத் திறந்தேன்.

“அவர ஏசி என்னாக்கா ஆவப் போவுது? நாளைக்கு வேற ஒரு அண்ணே வருவாருலா. கையில பை, கண்ணு முன்னால கொக்கி... யாரா இருந்தாலும் மாட்டத்தான் செய்வாங்க” என்றார் கலை.

மறுநாள் போனால், கட்டிலோரச் சுவர்களில் பெரிய மஞ்சள் கொக்கிகள்! ட்ரிப்ஸ் கம்பத்தில் சும்மா இருந்த கொக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். மணி வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பை நேராக மஞ்சள் கொக்கிக்குப் போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

மனிதர்களின் பழக்கத்தைக் கவனித்து, அதற்கேற்ப இடத்தையும் பொருளையும் மாற்றி நோயாளியைக் காப்பதற்குத் தனிப் படிப்பே இருக்கிறதாம். கலை சொல்லித்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சேகர் வீடு திரும்பினான் — கால்விரல் பத்தும் பத்திரமாக. சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன்.

மணி திருந்திவிட்டாரா என்கிறீர்களா? எங்கே... அன்றும் கையில் தே பையோடுதான் வந்தார். திருந்தியது கொக்கி மட்டும்தான்!