முகத்தை மறைத்தவனுக்குப் பவுடர்

தனசேகர் அண்ணாத்தே, என் தம்பி பழனியின் கைநடுக்கத்துக்கு நீங்கள்தான் காரணம்.

நேற்று என் மகளின் பாக்சிங் கிளவுஸை வெயிலில் காயப்போட்டபோது, வியர்வையும் ரெக்சினும் கலந்த அந்த நாற்றம் என்னை மண்ணூர்பேட்டையில் நீங்கள் பாக்சிங் சொல்லிக்கொடுத்த தகரக் கொட்டகைக்கே இழுத்துப்போனது. பக்கத்து லேத் பட்டறையின் இரைச்சலும், மரத்தூள் அடைத்த சாக்கில் விழும் குத்துகளும், பையன்களின் விசிலுமாக மாலை முழுக்க அதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கொட்டகையில், குத்து வரும்போது கையைத் தூக்கி முகத்தை மறைப்பவனுக்கு நீங்கள் பவுடர் பூசிவிடுவீர்கள்.

"இன்னாடா, மூஞ்ச மூடிக்கினு கீற? கல்யாணப் பொண்ணா நீ?"

சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு நானும் சிரிப்பேன். பவுடருக்குப் பயந்தே பழனி கையைத் தூக்கவில்லை. எல்லா அடியையும் தலையில் வாங்கினான். இன்று அவனுக்குச் சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. என் மகளுக்கு அவள் பயிற்சிக்குப் போகும் இடத்தில் முதல் மாதம் முழுக்கக் குத்தைத் தடுக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழனி கேட்டான்:

"எனக்கு மட்டும் இன்னாத்துக்குக்கா யாரும் இத்த சொல்லித் தர்ல?"

அன்று சன்னலில் நான் சிரித்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழாவில் உங்களுக்கு மாலை போடுகிற மேடையில், மைக்கைப் பிடித்து, அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.