பனிக்கு எந்த ஃபில்டர்?

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் என் மனைவி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருப்பாள். ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே வெளுத்துக் கொடுத்த முகம் அது. விருந்தாளிகள் வந்தால் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். பனி பார்க்க ஜப்பான் போவதென்று முடிவானதும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பனியில் அவளை ஒரு படம் எடுக்க வேண்டும், அதில் அவள் நிறம் அவள் நிறமாகவே வர வேண்டும்.

நான் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை பார்க்கிறவன். கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவேன். பனியை ஐஸ்பெட்டிக்குள் பார்த்ததோடு சரி.

கோலாலம்பூரில் ஒரு கேமரா கடைக்குப் போய்க் கேட்டேன். லென்ஸ் மேல் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் இல்லாமல் பனிப்பக்கமே போகாதீர்கள், கண்கூச்சம் அடங்கும், வானம் நீலமாக வரும் என்றார் கடைக்காரர். வாங்கினேன். சுபாங் ஜெயாவில் இருக்கும் நண்பன் ஒருமுறை பனிச்சறுக்கு போய் வந்தவன். மலை உச்சியில் அதைப் போட்டால் வானமே கறுத்துவிடும், வெளிச்சத்தைக் குறைக்கிற சாம்பல் கண்ணாடிதான் வேண்டும் என்றான். அதையும் வாங்கினேன். யூடியூபில் ஒருத்தர், பனி நிழல் முகத்தில் நீலமாக விழும், லேசான மஞ்சள் கண்ணாடி போடுங்கள் என்றார். யார் சொன்னாலும் சரியாகத்தான் பட்டது, அதுதான் என் தலைவலி.

சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் எங்கள் ஃபிளாட் கார் பார்க்கில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் என் வேட்டிகளையும் விரித்தேன். நடுவில் குளிர் ஜாக்கெட்டோடு என் மனைவியை நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டியது, பாவம். கீழ்வீட்டு ஆன்டி வெள்ளைத் துணிகளைப் பார்த்துவிட்டுப் பதறி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டார். ஜப்பான் போகிறோம் என்றேன். அவரும் என்னைப் போலவே குழம்பிப் போய்த் திரும்பினார்.

படங்களைப் பார்த்தால் ஒன்றில் சாம்பல் பூசினவள், ஒன்றில் மஞ்சள்காமாலை, ஒன்றில் மூக்கில் மினுமினுப்பே இல்லாத பொம்மை. எது அவள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினோம். அங்கே பனிச்சறுக்கு மலையில் காலையில் வெளியே போய் ஒவ்வொன்றாக மாட்டி எடுத்தேன். எதுவும் பிடிபடவில்லை. கை விறைத்துப் போனது. போலரைசரைக் கழற்றாமலேயே சூடாகக் காபி குடிக்க உணவகத்துக்குள் போனோம். நுழைந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. இது எனக்குப் பழகின விஷயம். நம் ஊரில் ஏர்கோன் மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் இப்படித்தான் ஆவி படியும், வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் தெளிந்துவிடும். அதே புத்தியில் கேமராவை வெளியே கொண்டு போய்க் காட்டினேன்.

ஆவி அப்படியே ஐஸாக உறைந்துவிட்டது.

துடைக்கத் துடைக்கக் கோடுதான் விழுந்தது. போலரைசரைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. விமான நிலையத்துக்குப் பேருந்து கிளம்ப அதிக நேரம் இல்லை. இத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அவள் கேட்ட ஒரு படத்தைக் கூட எடுக்காமல் ஊர் திரும்பப் போகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மனைவி கையுறையைக் கழற்றி, அந்தக் கண்ணாடி வளையத்தை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழன்று வந்தது.

வெறும் லென்ஸோடு ஒரு படம் எடுத்தேன். பனி வெளிச்சத்தில் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிட்டது. அடுத்து சாம்பலா மஞ்சளா என்று பையைத் துழாவினேன்.

"எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. கொஞ்சம் என்னைப் பாருங்க லா," என்றாள்.

பார்த்தேன். குளிரில் உதடு வெடித்திருந்தது. மூக்கு நுனி மினுமினுத்தது. அவளையே பார்த்துப் பார்த்து கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோ ஒன்றில் அதைப் பெரிய பிரதியாகக் கழுவி ஃபிரேம் போட்டு, கல்யாணப் படம் இருந்த இடத்தில் மாட்டினோம். பக்கத்து ஊர் மேருவிலிருந்து வந்த என் மாமியார் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டி இவ்ளோ கறுப்பா எடுத்திருக்காரு மாப்பிள்ள?"

"கறுப்பா இல்லம்மா, உன்னை மாதிரி இருக்கேன்."

மாமியார் கிட்டே போய் நின்றார். படத்தில் மகளின் மூக்கைத் தொட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு கழுவிக் குடுங்க மாப்பிள்ள."