கொதித்தாறிய தண்ணியும் தோட்டத்து லொறியும்

பெட்டரி வேலை பார்த்து சட்டையெல்லாம் அசிட் ஓட்டையா நிக்கிறவங்களே, ஒங்களுக்குத் தெரியும்: அசிட் ஊத்துறது ஒரு தடவைதான், அப்புறம் குறையுறது தண்ணிதான், அதுக்கு டிஸ்டில் வாட்டர்தான் ஊத்தணும். பண்டாரவளையில கடை போட்ட நாள்லருந்து இதைச் சொல்லியே தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

கிருமி செத்துச்சு

மலைமேல ஒரு தோட்டம். தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல யாருக்கு முடியாமப் போனாலும் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போக இருக்கிறது ஒரே ஒரு பழைய லொறி. அதோட டிரைவர் செல்வம் அண்ணன் பெட்டரியைத் தூக்கிட்டு வந்தார். தொறந்தா தகடெல்லாம் வெள்ளை பூத்திருக்கு. ஊத்துத் தண்ணியைக் கொதிக்கவச்சு, ஆறவச்சு, துணியில வடிகட்டி ஊத்துனாராம்! கொதித்தாறிய நீரையே குடிங்கன்னு டிஸ்பென்சரியில ஒட்டியிருக்காங்க இல்ல? கிருமி சாகும், தண்ணியில கரைஞ்ச உப்பு எங்கண்ணே போகும், அதுதான் தகட்டைத் தின்னுடுச்சுன்னேன். மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

"பச்சப்புள்ளைக்கே இதைத்தான் தம்பி குடுக்குறோம், இந்தப் பொட்டிக்கு ஆகாதா?"

ஆள் ஏத்துற லொறி

புதுசு போடாம முடியாதுன்னு சொல்ல நானே தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் தலையைத் தூக்கல. தேயிலை ஏத்துற லொறிக்குப் போன மாசந்தான் புது பெட்டரி போட்டிருக்கு. நோயாளி ஏத்துறதுக்கு மட்டும் வழியில்லையாம். நடுவழியில நின்னா என்னங்க செய்வீங்கன்னு கேட்டேன்.

"அதுல ஆள்தானப்பா போகுது, எறங்கித் தள்ளட்டும்."

ஒரு கடிதம்

ஐப்பசி மழை. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடுற நேரம், லயத்துல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. லொறி ஸ்டார்ட் ஆகல. செல்வம் அண்ணன் போன் போட்டார். ஒரு பெட்டரியை த்ரீவீல்ல போட்டுக்கிட்டு ஓடினேன். நான் போறப்ப பெரட்டு ஆளுங்க மொத்தமும் லொறியை மேட்டுல தள்ளிக்கிட்டிருந்தாங்க, அவ புருஷனும் சேர்ந்துதான். பெட்டரியை மாட்டி அனுப்பினேன். தாய் பொழைச்சா, புள்ளை தங்கல. கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தீங்கன்னா அப்படின்னு டாக்டர் ஆரம்பிச்சு, பாதியிலேயே நிறுத்திட்டாராம்.

பாவிங்க! மறுநாளே அந்த லொறிக்குப் புது பெட்டரி வந்துடுச்சு. அடுத்த வாரம் பெரிய கிளாக்கரே என் கடைக்கு வந்தார். விசாரணை வருதாம். என்னா மரியாதைங்கிறீங்க!

"பழசு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு கடிதம் குடுங்க தம்பி, இனி தோட்டத்து வேலையெல்லாம் ஒங்களுக்குத்தான்."

கடிதம் குடுத்தேன், உள்ளதை உள்ளபடி எழுதி. இப்ப அந்தத் தோட்டத்து லொறிங்க எல்லாத்துக்கும் தவறாம டிஸ்டில் வாட்டர்தான் ஊத்துறாங்க, எதிர்க் கடையில.